நாற்பத்தேழாம் நம்பர் பிளாஸ்திரி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருந்த பெயர் ரெண்டுதடவை சிஸ்டர். கண் ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். எதையும் ஒரு தடவை கேட்டு நம்பமாட்டாள். மேஜையில் படுத்திருப்பவரிடம் பெயர் என்ன என்பாள், அவர் சொல்வார், மறுபடியும் பெயர் என்ன என்பாள். எந்தக் கண், இதுவா, இதுதானே என்பாள். பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் பஞ்சு உருண்டைகளை எண்ணும்போது ஒன்று குறைந்துவிட்டது. நோயாளியின் கண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டோமோ என்று தியேட்டரே கதிகலங்கித் தேடியதில், கடைசியில் அது இவள் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பழக்கம், ஓய்வு பெறும்வரை விடவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று கணவர் சொன்னபோது, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டாளாம். இரண்டாவது தடவை பதில் சொல்ல அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார் என்பது இன்று வரைக்கும் அவளுக்கு மனக்குறை. மின்சார இலாகாவில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனுஷர் அவர். கேஸை மூடினாயா என்று மனைவி கேட்டால் இரண்டு பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுவார்: "மூடிட்டேன், மூடிட்டேன்."

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, யூனிஃபார்மை இஸ்திரி போட்டு முடித்த பிறகுதான் அதைப் போட்டுக்கொண்டு போக இடமில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாசம் அந்த மாதிரி ஓடியது. மகள் வாரம் ஒரு முறை போன் பண்ணுவாள், பேரப்பிள்ளைக்குச் சளி என்பாள், வைத்துவிடுவாள். அப்போதுதான் பழைய ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கூப்பிட்டார். வெளிநாட்டில் கண்புரை ஆபரேஷன் முகாம், பத்து நாள், சம்பளம் கிடையாது, கரண்டு தண்ணீருக்குக்கூட உத்தரவாதம் கிடையாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, இவள் முழுசாகக் கேட்காமலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எதையும் இரண்டு தடவை கேட்பவள் இதை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"இத்தனை வருஷம் சம்பளத்துக்குப் பண்ண வேலைய இப்ப சும்மா வேற பண்ணப் போறியா?" என்றார் கணவர்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு சும்மா வேலை பாக்கறது தேவலைங்க," என்றாள்.

 அவர் போய்ப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு விமானம் மாறி, ஒரு பகல் முழுக்க வேனில் குலுங்கிப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். விடுமுறையாம். ஐந்து வகுப்பறை, தகரக்கூரை, கண்ணாடி இல்லாத ஜன்னல்கள். கடைசி வகுப்பறைதான் தியேட்டர். கரும்பலகையில் யாரோ பாதி போட்டுவிட்டுப் போன வகுத்தல் கணக்கு இருந்தது. சாக்பொடி பறந்து கண்ணுக்குள் போனால் என்ன ஆவது என்று அதை முதலில் ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு சுவர், தரை, மேஜை எல்லாவற்றையும் ப்ளீச்சிங் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து, ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாளை ஆணியடிக்கச் சொன்னாள். காற்று உள்ளே வர வழியில்லாமல் அறை அடுப்படியாகிவிட்டது. அவளுக்கு அது திருப்தியாக இருந்தது.

அந்த ஊர் பாஷை டாக்டர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பேச்சை மாற்றிச் சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். இவர்கள் நாட்டில் லேத் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து, பட்டறையிலேயே பேசப் பழகிக்கொண்டு, திரும்பிப் போய்ச் சந்தைப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர். எல்லாரும் அவரை மொழிக்காரர் என்றார்கள். அவர் வாயில் கண்ணும் ஒரு இயந்திரம்தான். "லென்ஸ் உள்ள டைட்டா உக்காந்துருச்சா டாக்டர்?" என்பார். பெரிய டாக்டர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் பாவனை பண்ணுவார். முதல் நாள் காலை வரைக்கும் இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது.

முதல் நாள் ஆள் தேர்வு. புரையை எடுத்த கண்ணுக்குள் வைக்கக் கொண்டுபோன லென்ஸ் நூற்றைம்பது. வாசலில் நின்ற கூட்டம் அதைப்போல நாலு மடங்கு. கூட வந்திருந்த சின்ன டாக்டர் ஒவ்வொருவரையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரலால் மூக்கோரம், கண்ணின் உள்மூலையில் ஒரு அழுத்து அழுத்துவார். அங்கே தோலுக்கு அடியில் கண்ணீர்ப்பை இருக்கிறது. அழுத்தினால் சீழ் வந்தால் அந்த ஆளுக்கு ஆபரேஷன் கூடவே கூடாது. கண்ணைத் திறந்த மறுகணம் அந்தச் சீழ் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் கண்ணையே மறந்துவிட வேண்டியதுதான். தேறியவர்களை இவளிடம் அனுப்புவார்கள். இவள் அந்தக் கண்ணுக்கு மேலே புருவத்தை ஒட்டி ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேரும், எந்தக் கண் என்பதும், லென்ஸ் அளவும் எழுதவேண்டும்.

பேர்தான் படுத்தியது. அவர்கள் சொல்வது இவள் காதில் ஏறவில்லை. மொழிக்காரர் சொல்வார், இவள் எழுதிப் படிப்பாள், அவர்கள் இல்லையென்று தலையாட்டுவார்கள், மறுபடி எழுதுவாள். ஒரே பேரில் ஆறு பேர் வேறு. பத்து மணிக்குப் பார்த்தால் பதினைந்து பேர்தான் முடிந்திருந்தது. வெயிலில் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. ஒருவர் மயங்கி விழுந்தார்.

"சிஸ்டர், இப்படியே போனா ஊர் திரும்பற அன்னைக்கும் நாம பேர்தான் எழுதிட்டிருப்போம்," என்றார் பெரிய டாக்டர்.

அவள் வரிசையைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். "பேரை விட்டுடலாம் டாக்டர். நம்பர் போதும்," என்றாள்.

இதை யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அவளே சொன்னாள். பிளாஸ்திரியில் நம்பரும் கண்ணும், தாளில் நம்பரும் கண்ணும் லென்ஸ் அளவும், அவ்வளவுதான். வரிசை மளமளவென்று நகர்ந்தது. எல்லாருக்கும் பெரிய நிம்மதி.

மத்தியானத்துக்கு முன்னால் ஒரு கிழவரும் கிழவியும் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். கிழவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். இடது கண்ணில் நிழலாட்டமாகக் கொஞ்சம் தெரிந்ததை வைத்துத்தான் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார். கிழவிக்கு இடது கண் குழந்தையிலேயே வற்றிப் போனது. வலது கண்ணில் புரை பழுத்து வெள்ளையாக நின்றது. அதை எடுத்தால் பார்வை வரும். ஆனால் சின்ன டாக்டர் மூக்கோரம் அழுத்தியதும் சீழ் வந்தது. இப்போது வேண்டாம், மாத்திரையும் சொட்டு மருந்தும் தருகிறேன், அடுத்த வருஷம் முகாம் வரும்போது பார்க்கலாம் என்றார். உள்ளே அழுக்கு இருக்கும்போது இயந்திரத்தைத் திறக்கக் கூடாது என்று மொழிக்காரர் தன் பாணியில் எடுத்துச் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் வெள்ளை அங்கி போட்டவர்கள் எது சொன்னாலும் எல்லாரும் தலையாட்டத்தான் செய்தார்கள். கிழவர் காதில் விழுந்தது அடுத்த வருஷம் என்பது மட்டும்தான் போலிருக்கிறது.

கிழவர் தேறிவிட்டார். நம்பர் நாற்பத்தேழு, வலது கண். அவருக்குப் புருவம் வெள்ளை வெளேரென்று புதர் மாதிரி இருந்தது. பிளாஸ்திரி ஒட்டவே மாட்டேன் என்றது. "இதுல பாதி எனக்குக் குடுங்களேன்," என்று தன் பாஷையிலேயே சொல்லிக்கொண்டு அவள் இரண்டு தடவை அழுத்தி ஒட்டினாள். கிழவர் பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறியவர்களும் துணைக்கு வந்தவர்களும் இரண்டு வகுப்பறைகளில் பாய் விரித்துத் தங்கினார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் தொடங்கியது. இரண்டு டாக்டருக்கும் இரண்டு மேஜை, ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிஷம். வெளியே வராந்தாவிலேயே தொப்பி, கவுன் மாட்டி, பிளாஸ்திரி இருக்கிற பக்கத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, முகத்தில் மருந்து தடவி உள்ளே அனுப்புவார்கள். மேஜையில் படுக்கவைத்ததும் ஒரு ஓட்டை மட்டும் விட்டுப் பச்சைத் துணியால் மூடிவிடுவாள். அப்புறம் அங்கே இருப்பது ஒரு கண், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பத்தேழு வந்தது. "நாப்பத்தேழா?" என்று கேட்டாள். மொழிக்காரர் கேட்டுச் சொன்னார். பச்சைத் துணிக்கு அடியில் முகவாய் மேலும் கீழும் அசைந்தது. இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை அசைந்தது. பிளாஸ்திரியைப் பார்த்தாள், வலது கண், தாளைப் பார்த்தாள், வலது கண். லென்ஸை எடுத்து நீட்டினாள். நூற்றைம்பது பிளாஸ்திரி ஒட்டியவளுக்கு முகம் எங்கே ஞாபகம் இருக்கும்?

மூன்றாம் நாள் காலை கட்டுப் பிரிப்பு. இந்த வேலையில் இதைவிட நல்ல காலைப் பொழுது கிடையாது. வரிசையாகப் பெஞ்சில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பாள். நாற்பத்தேழின் முன்னால் வந்து பிரித்தாள். கிழவி ஒருத்தி. மூன்று விரல் காட்டினாள். மூன்று என்று பதில் வந்தது. பெஞ்சின் ஓரத்தில் கிழவர் ஒருவர், நெற்றியில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கிழவி அவர் பக்கம் திரும்பி மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னவோ சொன்னாள். அறையே குலுங்கிச் சிரித்தது.

மொழிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாரு இந்தக் கிழவன், என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க அக்கா."

அன்று பகல் முழுக்கக் கிழவி சும்மா இருக்கவில்லை. கிழவரின் சட்டைக் காலரைப் பிடித்து, இத்தனை வருஷமாக இந்த அழுக்கோடுதான் என்னை ஊர் ஊராகக் கூட்டிப் போனாயா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். சட்டையைக் கழற்றவைத்துக் குழாயடியில் துவைத்துப் போட்டாள். பாயில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழவருக்கு வாயெல்லாம் பல். சாயங்காலம் சிஸ்டர் வீட்டுக்குப் போன் போட்டு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "உனக்குக் கட்டுப் பிரிச்சா நீயும் அப்படித்தான் கேப்பே. அதுவும் ரெண்டு தடவை," என்றார் அவள் கணவர்.

நாலாம் நாள் காலையில் கிழவி கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி என்றாள். சிஸ்டர் கையை விலக்கிப் பார்த்தாள். இமை வீங்கி, கண் சிவந்து, கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாகச் சீழ் கட்டியிருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் இதை அவள் நாலு தடவை பார்த்திருக்கிறாள். பெரிய டாக்டர் ஓடி வந்தார். கண்ணின் உள்மூலையில் அழுத்தினார். சீழ் வந்தது.

"இந்த அம்மாவ யாரு பாஸ் பண்ணது?"

சின்ன டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "இவங்களை நான் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன் சார். நல்லா ஞாபகம் இருக்கு."

தாளைப் புரட்டினார்கள். நாற்பத்தேழு, வலது கண் என்றுதான் இருந்தது. ஆணா பெண்ணா என்றுகூட அதில் இல்லை. வீட்டுக்கு அனுப்புகிற நாள் வரைக்கும் பிளாஸ்திரியை எடுக்கக் கூடாது என்பது முகாமின் விதி, அதனால் அது கிழவியின் நெற்றியில் அப்படியே இருந்தது. சிஸ்டர் அதை மெல்லப் பிரித்தெடுத்தாள். பசைப் பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று தடித்த மயிர். கிழவிக்குப் புருவமே நாலு இழைதான். சிஸ்டர் திரும்பிக் கிழவரின் நெற்றித் துண்டை ஒதுக்கிப் பார்த்தாள். வலது புருவத்தில் பாதி இல்லை. தோல் சிவந்து உரிந்திருந்தது. அவர், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் அவருக்குத் தெரிந்த திருட்டு அவ்வளவுதான்: தன் முறையை மனைவிக்குக் கொடுத்தது.

 சிஸ்டர் கையில் இருந்த பிளாஸ்திரியை எங்கே போடுவதென்று தெரியாமல் அங்கியின் பையில் போட்டுக்கொண்டாள். பேர் எழுதியிருந்தால் ஒரு கேள்வியில் தெரிந்திருக்கும். நாற்பத்தேழா என்று கேட்டால் நாற்பத்தேழை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தவள் ஆமாம் என்றுதானே சொல்வாள்? இரண்டு தடவை கேட்டாயே மகராசி, இருநூறு தடவை கேட்டிருந்தாலும் அதே ஆமாம்தான் வந்திருக்கும்.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஐந்தாம் நாள் காலையில் அவள் டார்ச்சை அந்தக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை. மறுபடி கேட்டாள். தெரியவில்லை. போச்சு என்று பெரிய டாக்டர் வாய்க்குள் சொல்லிவிட்டு, அடுத்த ஆபரேஷனுக்குக் கை கழுவப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேஜையில் ஆள் படுத்திருந்தது.

கிழவர் மொழிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்லட்டும் அக்கா?" என்றார் மொழிக்காரர்.

அவள் கிழவரைப் பார்த்தாள். முந்தாநாள் துவைத்துப் போட்ட சட்டையைப் போட்டிருந்தார். பாவம், காலர் மட்டும் பளிச்சென்று இருந்தது. இந்த மனுஷரிடம் போய் உன் கையாலேயே உன் பெண்டாட்டியின் கண்ணைக் கெடுத்தாய் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு மனசு வரவில்லை.

"எங்க மருந்துல கோளாறுன்னு சொல்லுங்க தம்பி."

"அது நிஜம் இல்லையே அக்கா."

"நம்பர் போதும்னு சொன்னது நான்தானே? தப்பு எங்களோடதுன்னா அதுல பாதி நிஜம்தான். சொல்லுங்க."

மொழிக்காரர் சொன்னார். கிழவர் கேட்டுக்கொண்டார். வகுப்பறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் காலையில் வராந்தாப் பெஞ்சுகள் காலி. அன்றைக்கு நாற்பது பேருக்கு ஆபரேஷன் என்று எழுதிவைத்திருந்தார்கள். பதினொரு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தார்கள். சுவரோரத்தில் பிளாஸ்திரிகள் பிய்த்துப் போட்டபடி கிடந்தன. முகாமில் மருந்து கெட்டுப்போய்விட்டது, கண் அவிந்துபோகும் என்று ஊர் முழுக்கப் பேச்சாம். மொழிக்காரர்தான் வந்து சொன்னார்.

பெரிய டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இத்தனை வருஷமா உங்க வாயில ஒரு பொய் நான் கேட்டதில்ல சிஸ்டர். சொல்லக் கத்துக்கறதுக்கு இந்த இடம்தானா கிடைச்சுது?" என்றார். பிறகு, கிழவரையாவது பிடித்து நிறுத்துங்கள் என்றார். ஒரு வருஷத்தில் இடது கண்ணின் நிழலும் போய்விடும், வலது கண்ணில் இப்போது ஆபரேஷன் பண்ணாவிட்டால் அப்புறம் இரண்டு பேரையும் யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது என்று கேட்டார். 

கிழவர் வராந்தாவின் கோடியில் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று தலையை ஒரே ஆட்டாக ஆட்டினார். கெட்டுப்போன மருந்தை என் கண்ணிலும் விடப் பார்க்கிறார்களா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அவள் சொன்ன பொய்யைத்தான் அவர் திருப்பிக் கேட்டார்.

நடந்ததை அப்படியே சொல்லுங்கள் என்று அவள் மொழிக்காரரிடம் சொன்னாள். 

"அக்கா, நீங்க நாலு நாள்ல பிளேன் ஏறிடுவீங்க. நான் இவங்களை தினம் சந்தையில பாக்கணும். இதைச் சொன்ன நாக்கு என்னோடதாத்தான் இருக்கும்."

அதற்கு மேல் அவரை வற்புறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. கிழவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அங்கிப் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, பசைப் பக்கத்தைத் திருப்பி, அவர் விரல்களில் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். கை தானாகத் தன் வலது புருவத்துக்குப் போனது. பிறகு அவள் தன் கட்டைவிரலைத் தன் மூக்கோரத்தில் வைத்து, சின்ன டாக்டர் முதல் நாள் அழுத்தினாரே, அதேபோல அழுத்திக் காட்டினாள். கிழவியைக் காட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

கிழவருக்குப் புரிந்துவிட்டது.  பாதி முடிச்சுப் போட்ட மூட்டையில் கை அப்படியே நின்றது. பக்கத்தில் கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த கிழவி, என்ன பேச்சையே காணோம் என்று அவர் தோளைத் தட்டினாள்.  அவள் அவர் கையைத் தடவிக்கொண்டே போய், விரலிடுக்கில் இருந்த பிளாஸ்திரியைத் தொட்டாள். முன்னும் பின்னும் தடவினாள். மொழிக்காரர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, உரக்கப் பேசினாள்.

மொழிக்காரர் சொன்னார்: "அவர் குடுக்கலையாம் அக்கா. அவர் தூங்கறப்ப நான்தான் பிச்சு எடுத்து ஒட்டிக்கிட்டேன், அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொல்றாங்க."

கண் தெரியாத ஒருத்தி தானே ஒட்டிக்கொள்ள முடியாதபடி, பிளாஸ்திரி கிழவியின் நெற்றியில் நேராக, நம்பர் நிமிர்ந்து நிற்க ஒட்டியிருந்ததை சிஸ்டர் நினைத்துக்கொண்டாள். நேற்று அவள் சொன்ன பொய்யைவிட இது நல்ல பொய். சரி என்று தலையாட்டினாள். கிழவி இன்னும் ஏதோ சொன்னாள், இந்தத் தடவை கிழவரிடம். வீட்டுக்கு ஒரு கண்ணாவது வேண்டாமா என்றாளாம். கிழவர் மூட்டையின் முடிச்சை அவிழ்க்க வெகு நேரம் ஆனது.

அன்று மத்தியானம் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. இந்தத் தடவை பிளாஸ்திரியில் பேர் எழுதினாள். மொழிக்காரரை நாலு தடவை சொல்லச் சொல்லி, எழுத்துக் கூட்டி எழுதினாள். மேஜையில் பேர் என்ன என்று கேட்டாள், சொன்னார். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னார். மீதி இருந்த பத்துப் பேருக்கும் அப்படியே செய்தாள். நேரமானது, யாரும் எதுவும் சொல்லவில்லை. மருந்து நல்ல மருந்துதான் என்று மொழிக்காரர் சந்தையில் போய்ச் சொல்லிப் பார்த்தார். ஓடிப்போனவர்களில் இருபது பேர் திரும்பி வந்தார்கள். ஒன்பது பேர் வரவே இல்லை. அவர்களின் லென்ஸ் பெட்டியிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன் போடவில்லை.

ஏழாம் நாள் காலை. கிழவரின் கட்டை அவளே பிரித்தாள். கண் தெளிவாக இருந்தது. இரண்டு விரல் காட்டினாள், இரண்டு என்றார். நாலு காட்டினாள், நாலு என்றார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் நல்லது நல்லது என்றார்கள். கிழவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். வற்றிப்போன இடது கண்ணும் கட்டுப் போட்ட வலது கண்ணுமாகக் கிழவி தலையை வாரிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பியது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"நானும் கிழவிதான், பாத்து பயந்துடாதேன்னு சொல்றாங்க," என்றார் மொழிக்காரர்.

பெஞ்சில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தார். ஒரு விரலால் அவள் கட்டின் ஓரத்தைத் தொட்டார். பிறகு சிஸ்டரைப் பார்த்து மெதுவாக நாலு வார்த்தை சொன்னார். மொழிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன கேக்கறார் தம்பி?"

 அவள் இன்னொரு தடவை கேட்டாள்.

"என் கட்டைத் திரும்பக் கட்டிவிட முடியுமான்னு கேக்கறார் அக்கா."

அவள் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துக் கிழவரின் கையில் வைத்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை விடவேண்டும் என்று நாலு விரலைக் காட்டினாள். அவர் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தலையாட்டவில்லை. அவள் இன்னொரு தடவை காட்டினாள்.